அப்பா செஞ்ச பாய்லரும் அம்மா அடைச்ச ஓட்டையும்

தலைக்கு டை அடிக்கிற வயசு வந்தாச்சு நமக்கெல்லாம். இன்னும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தா பேசுறது என்னவோ அந்தப் பழைய வெயிலைத்தான். மஸ்கட்ல வளந்தவங்க, பஹ்ரைன் ஈசா டவுன்ல படிச்சவங்க, அபுதாபிக்காரங்க, யாரு வந்தாலும் இதே பாட்டுதான். ஸ்கூல் பஸ் சீட்ல உக்காந்தா தொடை பொசுங்குனது. ஜூலை மாசம் பச்சைத் தண்ணிக் குழாயைத் திறந்தா கொதிக்கக் கொதிக்க வந்தது. வெந்நீர் ஹீட்டரை அணைச்சுப் போட்டு, அதுக்குள்ள தண்ணியை ஆற வைச்சு, சிவப்புக் குழாயைத் திறந்து குளிச்சது. சரி, நானும்தான் குளிச்சேன். ஆனா குளிர்ல பல்லு தந்தியடிச்ச கதை உங்கள்ல யார்கிட்டயாவது இருக்கா? என்கிட்ட இருக்கு. வளைகுடாவுல உக்காந்துகிட்டு, அடுப்பு மூட்டி, வெந்நீர்க் குழாய் இழுத்து, ரூமைச் சூடாக்குன குடும்பம் எங்க குடும்பம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துரும், பொறுத்துக்கோங்க.

எங்க அம்மா ஓமான்ல நர்ஸ். தம்பிக்கு ஒரு வயசு இருக்கும்போது கிளம்பி வந்தவங்க. அப்பாவும் கல்ஃப்லதான். நானும் தம்பியும் தூத்துக்குடியில பெரியம்மா வீட்ல. அம்மாவை அவன் போன் குரலாத்தான் தெரிஞ்சு வைச்சிருந்தான். லீவுல ஊருக்கு வர்ற ஆள் யாராவது இருந்தா அவங்க கையில அம்மா எங்களுக்குச் சட்டை துணிமணி குடுத்து விடுவாங்க. ஒண்ணு கூட அளவு சரியா இருக்காது. ஒண்ணு தொளதொளன்னு கிடக்கும், இல்லாட்டி கை ஏறாது. மஸ்கட்ல ரூவி கடைத்தெருவுல நின்னு, "நாலு வயசுப் பையன் எம்புட்டு உசரம் இருப்பான்?"னு கடைக்காரர்கிட்டயே கேட்டு வாங்குன சட்டைங்க அது. பெத்த தாய் கேக்குற கேள்வியா அது? அப்ப எனக்கு அது தெரியாது. "இந்த அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல"ன்னு பெரியம்மா மக கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கேன்.

அப்புறம் அம்மாவை ஜபல் அக்தருக்கு மாத்தினாங்க. ஓமான்ல இருக்கிற பெரிய மலை. மேல ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதை ஒட்டி நாலஞ்சு குவார்ட்டர்ஸ். யாரும் போக மாட்டேன்னு சொன்ன இடம். ஆனா அம்மா சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாங்க, ஏன்னா அங்க ஃபேமிலி குவார்ட்டர்ஸ் உண்டு. ஏப்ரல் வரைக்கும் மலையில டூட்டி பாத்தா அப்புறம் கீழ நிஸ்வா டவுனுக்கு மாத்திருவோம்னு வாக்கு வேற. அப்பவே அப்பா அந்த மலைக்குத் தார் ரோடு போடுற கம்பெனியில ஃபிட்டர். மலையடிவாரத்துல கேம்ப். தார் காய்ச்சுற பெரிய கொப்பரை, அதோட பர்னர், குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. வியாழன் வெள்ளி லீவுக்கு மேல ஏறி வந்துரலாம். இதை விட என்ன வேணும்? அக்டோபர்ல எங்களை வரவழைச்சுட்டாங்க. ஸ்கூல் அட்மிஷன் ஏப்ரல்லதான். ஆக, அந்தக் குளிர்காலம் பூரா எனக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. பத்து வயசுல அதை விடப் பெரிய அதிர்ஷ்டம் ஒண்ணு உண்டா சொல்லுங்க.

மலைப்பாதை அப்ப வெறும் கல்லும் புழுதியும். அப்பாவோட சைட் பிக்கப் வண்டியில ஏறி வந்து சேர்ந்தப்ப என் வயித்துல ஒண்ணும் மிச்சமில்ல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அப்பா என்ன செஞ்சார் தெரியுமா? பாயை விரிக்கல, பையை இறக்கல. நேரா பெட்ரூமுக்குப் போய், சுவர்ல சொருகியிருந்த ஏ.சி.யோட முகப்பைக் கழட்டி, ஃபில்டரை எடுத்து, குழாயடியில வைச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினார். கழுவி, வெயில்ல காய வைச்சு, மறுபடி மாட்டி, ஒரு தட்டு தட்டினார். "நல்ல சாமான். கம்பெனி சாமான்."

எத்தனை வருஷம் கல்ஃப்ல கிடந்த மனுசன்! வீடுன்னா அவருக்கு ஏ.சி.தான். மத்ததெல்லாம் அதைச் சுத்திக் கட்டினது. கீழே சமவெளிக்குப் போட்ட அதே பிளான்ல மலைமேலயும் குவார்ட்டர்ஸ் கட்டியிருந்தாங்க, அதே சுவர், அதே ஏ.சி. ஓட்டை, அதே ஏ.சி. அந்த மலையில அது ஓடி யாருமே பாத்ததில்ல.

நவம்பர்ல குளிர் வந்துச்சு. குளிர்னா நம்ம மார்கழிக் குளிர் இல்ல. தேங்கா எண்ணெய் பாட்டில் கல்லாட்டம் உறைஞ்சு கிடக்கும், சோறு வேகுற குக்கர் மேல வைச்சு இளக்கித்தான் அம்மா எனக்குத் தலைவாருவாங்க. காலையில குழாயைத் திறந்தா ஒரு முனகல் மட்டும் கேக்கும், தண்ணி வராது. ரூவியில இருந்து வாங்கி வந்த ஸ்வெட்டரை ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிட்டு நானும் தம்பியும் உருண்டுகிட்டுக் கிடந்தோம். எனக்கு எல்லாமே கொண்டாட்டம். புல்லு மேல வெள்ளையா உப்பு தூவுனாப்பல பனி. பக்கத்து வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவர், அந்த மலையிலயே பிறந்த ஓமானி, தினமும் ஒரு மாதுளம்பழம் கொண்டு வந்து குடுப்பார். உரிச்சா விரலெல்லாம் கறை, உள்ளே அப்படி ஒரு தித்திப்பு.

தம்பிக்குத்தான் ஆகல. அவனுக்கு இளைப்பு உண்டு. ஊர்ல எப்பவாவது வரும். இங்க விடியக்காலம் ஆனா நெஞ்சுக்குள்ள விசில் ஊத ஆரம்பிச்சுரும். அம்மா ஆஸ்பத்திரியில இருந்து ஆவி மருந்து மெஷினைத் தூக்கிட்டு ஓடி வருவாங்க. மாஸ்க்குக்கு உள்ள இருந்து அவன் எங்களையே முழிச்சு முழிச்சுப் பாப்பான்.

ஆஸ்பத்திரி டாக்டர் சூடான்காரர். நெட்டையான ஆளு, குளிர்ல எங்களை விட மோசமா நடுங்குவார், கோட்டைக் கழட்டவே மாட்டார். ஒருநாள் தம்பி நெஞ்சுல ஸ்டெத்தை வைச்சுப் பாத்துட்டு அம்மாகிட்ட இங்கிலீஷ்ல சொன்னார்: "சிஸ்டர், இந்தக் குளிர் இவனுக்கு ஆகாது. இந்த மலையில இதுக்கு வழி கிடையாது. பையனைக் கீழ அனுப்பிரு."

கீழன்னா எங்கே? அப்பா இருக்கிறது ஆம்பளைங்க கேம்ப். கீழன்னா தூத்துக்குடிதான், மறுபடி பெரியம்மா வீடுதான். அவன் போனா நானும் போகணும். அப்பாவோட கேம்ப்ல ஒருத்தர் அடுத்த வாரம் சனிக்கிழமை லீவுல ஊருக்குக் கிளம்புறார், அவர் கூட ரெண்டு பேரையும் அனுப்பிரலாம்னு முடிவாச்சு. அம்மா அழல. கட்டிலுக்கு அடியில இருந்து எங்க நீல சூட்கேசை இழுத்து, ஊருக்குப் போடுற பருத்தித் துணி எல்லாத்தையும் மடிச்சு அடுக்கி, பூட்டி, கதவோரம் நிறுத்திட்டாங்க. தம்பி அந்த சூட்கேஸ் மேல ஏறி உக்காந்து பஸ் ஓட்டினான்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா கதவோரத்து சூட்கேசைப் பாத்தார். கொஞ்ச நேரம் வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தார், பின்பக்கம் போய்க் குனிஞ்சு பாத்தார், சுவரைத் தட்டினார். அப்புறம் உள்ள வந்து அம்மாகிட்ட, "ஏ பிள்ள, எனக்கு ஒரு வாரம் குடு"ன்னார்.

"ஒரு வாரத்துல மலையை வேற எடத்துல தூக்கி வைக்கப் போறீயளா?"

"வீட்டைச் சூடாக்கிருதேன்."

"கரண்டு ஹீட்டர் போட்டா குவார்ட்டர்ஸ் பூரா ஃபியூஸ் போவுது. மண்ணெண்ணெய் ஹீட்டர் வைச்சா புகையிலேயே இவனுக்கு இளைப்பு வந்துரும். இதெல்லாம் பாத்தாச்சுல்லா?"

"புகை உள்ள வராது. தண்ணி மட்டும் வரும்"னு சொல்லிட்டு, சட்டைப்பையில இருந்து சாக்பீசை எடுத்து ஹால் தரையிலயே வரைய ஆரம்பிச்சுட்டார். நானும் தம்பியும் குப்புறப் படுத்துப் பாத்தோம். "இது வீடு. பின்னாடி ஒரு படி தாழ்ந்து கிடக்குல்லா, அங்க அடுப்பு. டீக்கடை பாய்லர் பாத்திருக்கீயல்லா? நடுவுல நெருப்பு, சுத்தித் தண்ணி. அதேதான், கொஞ்சம் பெருசா. தண்ணி சூடானா தானா மேல ஏறும். ஏறி, சுவர் வழியா உள்ள வந்து, பிள்ளைங்க கட்டிலைச் சுத்திக் குழாயிலயே ஓடும். ஆறிப் போச்சுன்னா பாரமாயிரும், தானா கீழ இறங்கி அடுப்புக்கே போயிரும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். அதுலயே ஒரு கிளை குளியலறைக்கு. கூரை மேல ஒரு சின்னத் தொட்டி வைச்சா குறையக் குறையத் தண்ணி நிரம்பிக்கும்."

"வெடிச்சுத் தொலைச்சா?"

"மேல ஒரு குழாயைத் திறந்தாப்பல வானத்தைப் பாத்து விட்டுருவேன். ஆவி அது வழியாப் போயிரும். மூச்சு விட வழி இல்லாட்டித்தான ஆபத்து."

சொல்லி முடிச்சதும் ரெண்டு பேரும் தம்பியைப் பாத்தாங்க. அவன் சாக்பீஸ் பாய்லருக்கு மீசை வரைஞ்சுகிட்டு இருந்தான்.

அப்பா அந்தப் படத்துல எதையும் விடல. கதவு, ஜன்னல், கட்டில், கட்டில்ல நாங்க ரெண்டு பேரு. ஏ.சி.யைக் கூட ஒரு பெட்டியாப் போட்டு, குழாய் அதுல இடிச்சிரக் கூடாதுன்னு பதமாச் சுத்திக் கொண்டு போயிருந்தார். ஏ.சி.க்கு அம்புட்டு மரியாதை.

அந்த வாரம் பூரா டூட்டி முடிஞ்சதும் கேம்ப் ஒர்க்‌ஷாப்லயே கிடந்திருக்கார். தார்க் கொப்பரைக்கு வந்த குழாய்ல மிஞ்சின துண்டுங்க, ஃபோர்மேன்கிட்டக் கேட்டு வாங்கின இரும்புத் தகடு, எல்லாத்தையும் வெல்டிங் வைச்சு ஒரு சாமானா ஆக்கி, வியாழக்கிழமை காலையில தண்ணி லாரியில ஏத்திக்கிட்டு வந்து இறங்கினார். கட்டை குட்டையா, கறுப்பா, தொப்பையோட ஒரு பாய்லர். தம்பி அதுக்கு சலாம் வைச்சான். விறகுக்கு, கம்பெனி மெஷினுங்க வந்து இறங்கின மரப்பெட்டிப் பலகைங்க ஒரு குவியல். மலையில மரம் வெட்டக் கூடாது, அதனால அதுக்கும் சேர்த்தே யோசிச்சிருந்தார் எங்க அப்பா. அவரும் பக்கத்து வீட்டு டிரைவரும் சேர்ந்து, ஒருத்தர் இந்தியில "பாய், ஜல்தி"ன்னும் ஒருத்தர் அரபியில "யல்லா, யல்லா"ன்னும் சீக்கிரம் பண்ணச் சொல்லிக் கத்திக் கத்தி, சாயங்காலத்துக்குள்ள குழாயெல்லாம் மாட்டி முடிச்சுட்டாங்க.

தீ மூட்டினதும் முதல்ல ஒண்ணுமே நடக்கல. அப்புறம் குழாய்க்குள்ள டக்... டக்குன்னு ஒரு சத்தம். நான் கையை வைச்சேன். சுவர்ல நுழையுற இடத்துல வெதுவெதுப்பு. கொஞ்ச நேரத்துல கட்டில் தலைமாட்டுல. அப்புறம் கால்மாட்டுல. சூடு ஒரு ஆளு மாதிரி எங்க ரூமைச் சுத்தி நடந்து வந்துச்சு. "வந்துட்டு! வந்துட்டு!"ன்னு நான் கத்த, தம்பி குதிக்க, அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்ன நிலை இருக்கே! குளியலறைக் குழாயைத் திறந்தா புகையப் புகைய வெந்நீர். அக்டோபருக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அம்மா தலைக்குக் குளிச்சாங்க. டிரைவர் ஒரு கேன் நிறைய வெந்நீர் வாங்கிட்டுப் போனார், தொழுகைக்கு முன்னால கை கால் கழுவ. அதுக்குப் பதிலா ஒரு கூடை மாதுளை.

அம்மா மட்டும் கதவோரத்து சூட்கேசைத் தொடவே இல்ல. "விடியட்டும்"னு சொன்னாங்க.

விடிஞ்சது. விசில் சத்தம் கேட்டுத்தான் நான் முழிச்சேன்.

தம்பி உக்காந்துகிட்டே மூச்சுக்குப் போராடிக்கிட்டு இருந்தான். அம்மா மாஸ்க்கைப் பிடிச்சிருந்தாங்க. நான் குழாயைத் தொட்டுப் பாத்தேன், நல்ல சூடு. என் மூக்கைத் தொட்டுப் பாத்தேன், சில்லுனு இருந்துச்சு. அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. குழாயைத் தடவுறார், ஓடிப் போய் அடுப்பைக் கிளறுறார், திரும்ப வர்றார். "பாய்லரு பத்தலை. இதைப் போல ரெண்டு பங்கு செஞ்சிருக்கணும். அடுத்த வாரம்..."

"அடுத்த வாரம் பிள்ளைங்க இங்க இருக்காது"ன்னு அம்மா சொன்னாங்க. மறுநாள் சனிக்கிழமை.

அப்பா விறகெடுக்கப் போயிட்டார். அவர் முதுகு அன்னைக்குக் கூனியிருந்ததை நான் பாத்தேன். ஒரு வாரம் தூங்காம செஞ்சது, பாவம் மனுசன்.

அம்மா தம்பியை என் மடியில சாய்ச்சுட்டு எந்திரிச்சாங்க. கோட்டுப் பையில இருந்து ஒரு முழம் பேண்டேஜ் துணியைக் கிழிச்சாங்க, அந்த மெல்லிசு வலைத் துணி. அதை விரல் நுனியில தொங்க விட்டுக்கிட்டு ரூமுக்குள்ள நடக்க ஆரம்பிச்சாங்க. மயங்கிக் கிடக்கிற நோயாளிக்கு மூச்சு வருதான்னு மூக்குக்கு நேரே பஞ்சைப் பிடிச்சுப் பாப்பாங்களே, அதே கைப்பழக்கம். கதவுகிட்ட பிடிச்சாங்க, துணி சும்மா நின்னுச்சு. ஜன்னல்கிட்ட லேசா அசைஞ்சுச்சு. ஏ.சி.க்கு முன்னால கொண்டு போனதுதான் தாமசம், துணி அப்படியே எழும்பி, நேரா எங்க கட்டிலைப் பாத்து நீட்டிக்கிட்டுப் பறந்துச்சு.

"ஏங்க! இங்க வாங்க."

அப்பா பலகையோட வந்து நின்னார்.

"ஏ.சி. ஓடுதா?"

"ஓடலியே. பிளக்கே சொருகலியே."

"அப்ப இது ஏன் ஆடுது?"

அப்பா துணியைப் பாத்தார், ஏ.சி.யைப் பாத்தார், மறுபடி துணியைப் பாத்தார். தன் கையாலயே கழுவித் துடைச்சு மாட்டின சாமான். அதோட கம்பி இடுக்கு வழியா, பக்கவாட்டுல விட்டிருந்த சந்து வழியா, மலைக்காத்து மொத்தமும் தம்பி தலைமேலதான் இறங்கிக்கிட்டு இருந்திருக்கு. குளிரை வெளிய தேடித் தேடி அலைஞ்சோம், அது எங்க தலைமாட்டுலயே கொலு இருந்திருக்கு. கல்ஃப்காரன் யாருக்குமே இது தோணாது. ஏ.சி.யை ஒரு ஓட்டைன்னு யாரு நினைப்பா? சாமி படத்துக்குப் பின்னால போய் யாராவது பாப்பாங்களா?

"கழட்டுங்க"ன்னு அம்மா சொன்னாங்க.

"கவர்மென்ட் சாமான்லா பிள்ள! கழட்டினா அங்க பெரிய ஓட்டையாப் போயிருமே."

"இப்பவும் அது ஓட்டைதாங்க. முன்னால ஒரு பெட்டியை மாட்டி வைச்சிருக்கு, அம்புட்டுதான். கழட்டுங்கங்கேன்."

டிரைவரும் வந்து கை குடுத்தார். "ஜபல்ல ஏ.சி.!"ன்னு தொடையைத் தட்டிச் சிரிச்சுக்கிட்டே அந்தப் பக்கம் பிடிச்சார். ஏ.சி. வெளிய வந்ததும் சதுரமா வானம் தெரிஞ்சுச்சு. காத்து அறைஞ்சுச்சு. எதை வைச்சு அடைக்க? அப்பா பலகையை வைச்சுப் பாத்தார், குட்டை. மெத்தையை மடிச்சுத் திணிச்சார், நிக்கல.

அம்மா விறுவிறுன்னு கதவோரம் போனாங்க. சூட்கேசைத் தூக்கிட்டு வந்தாங்க. துணி அடுக்கின கனத்த சூட்கேஸ். படுக்க வைச்சு அந்த ஓட்டைக்குள்ள விட்டு, தோளால ஒரு தள்ளு. இறுக்கமாப் போய் உக்காந்துச்சு, அளவெடுத்துச் செஞ்சாப்பல.

"ஏ பிள்ள, அது பிள்ளைங்க ஊருக்குக் கொண்டு போறதுக்கு..."

"அது எங்கயும் போகாது"ன்னு அம்மா சொன்னாங்க. மூச்சு வாங்கிச்சு. "உங்க கேம்ப் ஆளுகிட்டச் சொல்லிருங்க. எம் பிள்ளைங்க எங்கயும் போகாது."

சுத்தி இருந்த சந்துக்கு ஆஸ்பத்திரியில தேதி முடிஞ்சு தூக்கிப் போடப் போன மாவுக்கட்டு ரோல்களைக் கொண்டு வந்தாங்க, எலும்பு முறிஞ்சா போடுவாங்களே அது. பாய்லர் வெந்நீர்லயே நனைச்சு, சூட்கேசுக்கும் சுவருக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டாங்க. உலகத்துல வேற எந்தச் சுவருக்காவது ஒரு நர்ஸ் மாவுக்கட்டு போட்டிருப்பாளா? காய்ஞ்சதும் அம்மா அந்தப் பேண்டேஜ் துணியை மறுபடி எடுத்து முன்னால பிடிச்சாங்க. துணி அசையல. அப்பா வெளிய போனார், கண்ணைத் துடைக்கத்தான் போனார்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.

அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள எங்க ரூம் வெதுவெதுன்னு ஆயிடுச்சு. தம்பி ஸ்வெட்டரைத் தானே கழட்டி எறிஞ்சுட்டுத் தூங்கினான். மறுநாள் விடிஞ்சப்ப விசில் இல்ல. நான் அவன் நெஞ்சுல காதை வைச்சுக் கேட்டேன், அவன் என் மூக்குல குத்தினான்.

காலையில டாக்டர் வந்தார், பிள்ளைகளை அனுப்பியாச்சான்னு கேக்க. ரூமுக்குள்ள நுழைஞ்சவர் அப்படியே நின்னுட்டார். குழாயைத் தொட்டார், ரெண்டு உள்ளங்கையையும் அதுல வைச்சார். மெதுவாக் கோட்டைக் கழட்டினார். அவர் கோட்டுக்குள்ள எவ்வளவு ஒல்லின்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. தம்பி நெஞ்சுல நெடுநேரம் ஸ்டெத்தை வைச்சுக் கேட்டுட்டுச் சொன்னார்: "சிஸ்டர், இவன் இங்கேயே இருக்கட்டும். நானும் இங்கேயே இருக்கலாமா?"

அந்தக் குளிர்காலம் பூரா அவர் சாயங்கால டீ எங்க வீட்லதான், அந்தக் குழாய்ல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு. வெந்நீருக்குக் குவார்ட்டர்ஸே எங்க பின்வாசல்ல நின்னுச்சு. வெளிய இருந்து பாத்தா சுவர்ல ஒரு நீல சூட்கேஸ் பாதி நீட்டிக்கிட்டு இருக்கும், புதுசா வர்ற நோயாளிங்க நின்னு பாத்துட்டுப் போவாங்க. எனக்கு அப்ப வந்த பெருமை இருக்கே, அதுக்கப்புறம் நான் வாங்கின எந்தப் பட்டத்துக்கும் வரல. அப்பா இன்னைக்கும் யார்கிட்டயும் பாய்லர் கதையை மட்டும்தான் சொல்வார், அடுத்த வாரம் பெருசா செய்யப் பாத்ததைச் சொல்ல மாட்டார். அம்மா குறுக்கே பேசாம மாதுளை உரிச்சுக்கிட்டு இருப்பாங்க.

ஏப்ரல்ல சொன்னபடி நிஸ்வாவுக்கு மாத்தல் வந்துச்சு. பாய்லரை அடுத்து வர்ற நர்சுக்குன்னு விட்டுட்டோம். அது இப்ப எங்கே துருப்பிடிச்சுக் கிடக்கோ, தெரியாது. ஆனா ஏ.சி. கவர்மென்ட் சொத்து, திரும்ப மாட்டியாகணும். அப்பா முதல்ல ஃபில்டரைக் கழுவிக் காய வைச்சார், கேளுங்க கூத்தை. அப்புறம் சுத்தியலால மாவுக்கட்டைத் தட்டித் தட்டி உடைச்சு, சூட்கேசை இழுத்தார். வெளிய நீட்டியிருந்த பாதி வெளுத்து, உள்ளே இருந்த பாதி புதுசா இருந்துச்சு.

கட்டில்ல வைச்சு அம்மா திறந்தாங்க. மடிச்சு வைச்ச மடிப்பு கலையாம துணியெல்லாம் அப்படியே இருந்துச்சு. மேலே தம்பியோட மஞ்சக் கோடு போட்ட சட்டை. கீழ நிஸ்வாவுல வெக்கையா இருக்கும், இதைப் போடுன்னு அவனுக்கு மாட்டப் போனாங்க. கை உள்ள போகல. இழுத்து மாட்டினா பட்டன் சேரல. தொப்புள் வெளிய எட்டிப் பாக்குது. நிக்கர் தொடையோட நின்னுபோச்சு. நாலு மாசமா ஒழுங்கா மூச்சு விட்டு, தின்னு, தூங்கி, குதிச்ச பிள்ள.

அம்மா அந்தச் சட்டையைக் கழட்டல. பட்டனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடிச்சுக்கிட்டு, நடுவுல தெரிஞ்ச அவன் வயித்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சிரிக்கிறாங்களா அழுறாங்களான்னு எனக்குத் தெரியல.

அப்பா சுத்தியலோட நின்னுகிட்டு, "என்ன பிள்ள, இதுவும் அளவு தப்பிட்டா?"ன்னு கேட்டார்.

"தப்பிட்டு"ன்னாங்க அம்மா. "இந்தத் தடவை எங் கண்ணு முன்னால தப்பியிருக்கு."